நிறுத்தக் கற்றல்

நாவை ஓடவிடுவது எளிது. உரிய இடத்தில் நிறுத்துவது அரிது. சினத்திற்கும் இது பொருந்தும். எந்த ஆற்றலையும் கையாளப் புகுகின்றவன் அதனைத் தூண்டும் வழியை விரைவில் கற்றுக்கொள்கிறான். அடக்கும் வழியைக் கற்பதற்குத்தான் நாட்கள் பல ஆகின்றன. மோட்டார் வண்டி ஓட்டப் பழகுகின்றவனுக்கும் இவ்வுண்மை பொருந்தும். வண்டியை ஓட்டக் கற்றல் என்பது பெரும்பகுதி அதனை நிறுத்தக் கற்றலே ஆகும். நூல்களைப் படித்து இதனை நான் அறிந்துகொள்ளவில்லை. ஒரு முதிய ஓட்டுநரே எனக்கு இதனை உணர்த்தினார். அவரிடம் கற்றதையும், கற்ற பின்னர் நேர்ந்ததையும் கூறுமுன், இக்கலையின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

செர்மனி நாட்டைச் சார்ந்த கார்ல் பென்ஸ் என்னும் பொறியாளர், தாம் இயற்றிய மோட்டார் வண்டிக்கு 1886ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். மக்கள் அவ்வண்டியை வியப்புடன் நோக்கினார்களே அன்றி, வாங்க முன்வரவில்லை. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஒரு நாள், அவருடைய மனைவியார் பெர்த்தா பென்ஸ் தம் புதல்வர் இருவரையும் உடன் அழைத்துக்கொண்டு, மான்ஹைம் நகரிலிருந்து தம் தாய் வாழ்ந்த போர்ட்ஸ்ஹைம் நகருக்கு அவ்வண்டியிலேயே புறப்பட்டார். அத்தொலைவு நூறு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியானது. வழியில் எரிபொருள் தீர்ந்தபோது, வீஸ்லோக் என்னும் ஊரில் இருந்த மருந்துக் கடையில் வாங்கி ஊற்றிக்கொண்டார். மலைச் சரிவுகளில் இறங்கும்போது பிரேக்குக் கட்டைகள் தேய்ந்து போயின. பெர்த்தா அம்மையார் சிறிதும் கலங்கவில்லை. செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரைக் கொண்டு அக்கட்டைகளின்மேல் தோலை வைத்துத் தைக்கச் செய்தார். உலகின் முதல் நெடும்பயணத்திலேயே, ஓடுவதற்கு வேண்டிய பொருளைப் போலவே நிற்பதற்கு வேண்டிய பொருளும் இன்றியமையாதது என்பது புலனாகிவிட்டது!

வண்டிகள் பெருகின, விபத்துக்களும் பெருகின. பாரிசு நகரில் 1893ஆம் ஆண்டிலேயே ஓட்டுநர்க்குத் தேர்வு வைத்தனர். ஆனால் இங்கிலாந்தில், 1903ஆம் ஆண்டின் சட்டப்படி ஐந்து சில்லிங் கட்டணம் செலுத்தியவர் எவரும் தேர்வு ஏதுமின்றி உரிமம் பெறலாம் என்னும் நிலையே நெடுங்காலம் இருந்தது. அதன் விளைவு யாது? 1934ஆம் ஆண்டில் மட்டும் பிரிட்டனின் சாலைகளில் 7,343 பேர் உயிர் இழந்தனர். அப்போது அந்நாட்டில் இருந்த வண்டிகள் ஏறத்தாழ 24 இலட்சமே. இக்கொடுமையைக் கண்ட பின்னரே, 1935ஆம் ஆண்டு சூன் முதல் நாள் தொடங்கி, புதிதாக ஓட்ட வருவோர்க்குத் தேர்வு கட்டாயம் ஆயிற்று. இன்று அங்கு வண்டிகள் நான்கு கோடியாகப் பெருகியுள்ளன. எனினும் 2022ஆம் ஆண்டில் உயிர் இழந்தோர் 1,711 பேர். இம்மாற்றத்திற்குத் தேர்வு ஒன்றே காரணம் என்று கூற இயலாது. நல்ல சாலை, நல்ல பிரேக்கு, இருக்கைப் பட்டை, விரைந்த மருத்துவம் ஆகிய பலவும் கூடி நிகழ்த்திய மாற்றம் அது. ஆயினும், கல்லாதவன் கையில் வண்டியைக் கொடுத்தல் தகாது என்னும் எண்ணமே அவற்றுள் முற்பட்டு நின்றது எனலாம்.

நம் நாட்டில் 1914ஆம் ஆண்டில் மோட்டார் வண்டிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. பின்னர் 1939ஆம் ஆண்டில் விரிவான சட்டம் ஒன்று எழுந்தது. இன்று நடைமுறையில் உள்ளது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும், 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் ஆகும். இவற்றின்படி ஒருவர் ஓட்டுநர் உரிமம் பெறுதற்கு இரண்டு படிகளைக் கடத்தல் வேண்டும். முதற்படி பழகுநர் உரிமம். அடுத்த படி ஓட்டுநர் உரிமம்.

கல்லூரிப் படிப்பு முடிந்து வேலையில் அமர்ந்த ஆண்டில் நான் வண்டி ஓட்டப் பழகினேன். தாமிரபரணிக் கரையில் உள்ளது எங்கள் ஊர். என் மாமாவிடம் பழைய கார் ஒன்று இருந்தது. அவர் என்னை அடுத்த தெருவில் வாழ்ந்த முதியவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார். அம்முதியவர் முப்பது ஆண்டுகள் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊரார் எல்லோர்க்கும் அவர் 'அண்ணாச்சி'.

"அண்ணாச்சி, பத்து நாளில் ஓட்டக் கற்றுவிடலாம் அல்லவா?" என்று நான் ஆர்வத்துடன் வினவினேன்.

"ஓட்டுவதற்கு இரண்டு நாள் போதும், தம்பி. மற்ற நாளெல்லாம் நிறுத்துவதற்கு வேண்டும்" என்றார் அவர். நகைச்சுவைக்காகக் கூறுகிறார் என்றே அன்று நான் கருதினேன்.

பழகுநர் உரிமம் பெறுவதற்கு முதலில் அறிவுத் தேர்வு ஒன்று உண்டு. சாலைக் குறியீடுகள், சாலை விதிகள், விபத்து நேர்ந்தால் ஓட்டுநர் ஆற்ற வேண்டிய கடமைகள், ஆளில்லா இருப்புப்பாதைக் கடவையைக் கடக்கும்போது மேற்கொள்ள வேண்டிய எச்சரிக்கை, வண்டியில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் ஆகியவை பற்றி அதில் வினாக்கள் எழும். அண்ணாச்சி இவற்றை மனப்பாடம் செய்ய விடவில்லை. ஒவ்வொன்றிற்கும் காரணம் கேட்டார்.

"வட்டத்திற்குள் இருக்கும் குறியீடு எதைச் சொல்லுகிறது?"

"கட்டளையை."

"முக்கோணத்திற்குள் இருப்பது?"

"எச்சரிக்கையை."

"நீண்ட சதுரத்திற்குள்?"

"செய்தியை."

"சரி. வடிவத்தை ஏன் வேறுபடுத்தினார்கள்? எல்லாவற்றையும் ஒரே பலகையில் எழுதி வைத்தால் என்ன?"

நான் விழித்தேன். அவர் விளக்கினார்: "விரைந்து வருகிறவன் எழுத்தைப் படிக்கும் முன்னே வடிவத்தைக் கண்டுவிடுவான். மழையிலும் மங்கலிலும் எழுத்துத் தெரியாது, வடிவம் தெரியும். 'நில்' என்னும் பலகைக்கு எட்டு மூலை வைத்ததும் அதற்காகவே. அதைப் போன்ற பலகை சாலையில் வேறு கிடையாது."

இவ்வாறு காரணத்தோடு கற்றவை என் நெஞ்சில் நிலைத்தன. ஆளில்லாக் கடவையில் வண்டியை நிறுத்தி, உடன் வருபவர் ஒருவர் இறங்கிச் சென்று, இரு புறமும் தொடர்வண்டி வரவில்லை என்பதைக் கண்டு வருதல் வேண்டும். உடன் எவரும் இல்லையெனில் ஓட்டுநரே இறங்கிப் பார்த்தல் வேண்டும் என்பது சட்டம். அகல இருப்புப்பாதைகளில் இருந்த அத்தகைய கடவைகள் 2019ஆம் ஆண்டின் தொடக்கத்திற்குள் நீக்கப்பட்டுவிட்டன. ஆயினும், பார்வைக்கு மறைவான இடத்தில் நின்று நோக்கிய பின்னரே செல்லுதல் வேண்டும் என்னும் அவ்விதியின் கருத்து எந்தத் தெருமுனைக்கும் பொருந்துவதே.

பழகுநர் உரிமம் ஆறு திங்கள் செல்லும். அதனைப் பெற்றவர் தனியே வண்டியை எடுத்துச் செல்லுதல் கூடாது. முறையான உரிமம் உடைய ஒருவர், வேண்டும்போது வண்டியை நிறுத்தக் கூடிய வகையில் அருகே அமர்ந்திருத்தல் வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும் வெண்ணிறப் பலகையில் செந்நிறத்தில் 'எல்' என்னும் ஆங்கில எழுத்தைப் பொறித்து வைத்தல் வேண்டும். அப்பலகையைப் பொருத்துவதற்கு எனக்கு நாணமாக இருந்தது. அண்ணாச்சி அதனைக் கண்டுகொண்டார். "தெரியாததைத் தெரியாது என்று ஊருக்குச் சொல்லும் பலகை இது. இதைப் பார்க்கிறவன் உனக்கு வழிவிடுவான். தெரியாததை மறைக்கிறவனுக்கு யாரும் வழிவிட மாட்டார்கள்" என்றார்.

கோடையில் நீர் வற்றிய குளம் ஒன்று ஊருக்கு வெளியே இருந்தது. அதன் தரையே எங்கள் பயிற்சிக் களம் ஆயிற்று. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தவுடன் செய்ய வேண்டியவற்றை அவர் வரிசைப்படுத்திக் கூறினார். இருக்கையைச் சரி செய்தல், கண்ணாடிகளைத் திருத்துதல், பட்டையை அணிதல், கியர் நடுநிலையில் உள்ளதா என நோக்குதல், பின்னரே எஞ்சினை இயக்குதல் என்பது அவ்வரிசை. கிளட்ச்சை அழுத்தினால் எஞ்சினுக்கும் சக்கரத்திற்கும் உள்ள தொடர்பு விடுபடுகிறது; மெல்ல விட்டால் அத்தொடர்பு மீள்கிறது. அதனைச் சட்டென்று விட்டேன். வண்டி துள்ளி நின்றது. மீண்டும் விட்டேன், மீண்டும் நின்றது. பத்து முறை அவ்வாறு ஆன பின்னர், கால் அடியில் ஒரு மெல்லிய நடுக்கத்தை உணர்ந்தேன். எஞ்சினும் சக்கரமும் கைகோக்கும் இடம் அதுவே என்றார் அண்ணாச்சி.

முதல் மூன்று நாட்கள் அவர் என்னை முதற்கியரைத் தாண்ட விடவில்லை. தரையில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு இட்டார். வண்டியின் முன்சக்கரம் அக்கோட்டை மிதிக்காமலும், ஒரு முழத்திற்கு மேல் பின்தங்காமலும் நிற்க வேண்டும் என்றார். நான்காம் நாள், வாய்வரை மோர் நிறைந்த செம்பு ஒன்றைத் தம் மடிமீது வைத்துக்கொண்டு வண்டியில் அமர்ந்தார்.

"இது எதற்கு, அண்ணாச்சி?"

"நான் பேருந்து ஓட்டினபோது எனக்குப் பின்னால் ஐம்பது பேர் இருந்தார்கள். சூல்கொண்ட பெண் நின்றுகொண்டு வருவாள்; கிழவி கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவாள். நான் பிரேக்கைத் தவறாக மிதித்தால் அவர்கள் விழுவார்கள். அவர்கள் யாரும் இந்தக் காரில் இல்லை. அதனால் மோரை வைத்துக்கொண்டேன்."

அன்று அவருடைய வேட்டி நனைந்தது. மறுநாளும் நனைந்தது. ஒரு வாரத்திற்குப் பின் நனையவில்லை. தொலைவிலேயே கண்டு, காலை முன்னதாகவே எடுத்து, படிப்படியாக அழுத்தினால் மோர் சிந்தாது என்பதை நான் கற்றேன். திடீரென மிதிப்பது கால் செய்த பிழை அன்று. முன்னரே காணாத கண் செய்த பிழை.

குளத்துக்கரையின் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னோக்கி உருளாமல் மீண்டும் எடுக்கவும், 'எச்' என்னும் ஆங்கில எழுத்தின் வடிவில் நட்ட கழிகளுக்கு இடையே பின்னோக்கிச் செலுத்தவும் பழகினேன். இரு சக்கர வண்டியில் தேர்வு கொடுப்போர் காலை ஊன்றாமல் '8' என்னும் எண் வடிவில் ஓட்டிக் காட்டுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். விரைந்து ஓட்டினால் நிலை தவறாதிருத்தல் எளிது; மெல்ல ஓட்டிக்கொண்டு நிலை தவறாதிருத்தல் அரிது. ஆகவேதான் தேர்வில் அவ்வடிவத்தை வைத்தனர்.

பழகுநர் உரிமம் பெற்று முப்பது நாட்கள் கழிந்த பின்னரே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்ல இயலும். முப்பத்தைந்தாம் நாள் நான் சென்றேன். 'எச்' வடிவத்தில் ஒரு கழியும் சாயாமல் ஓட்டினேன். பின்னர் மோட்டார் வாகன ஆய்வாளர் என் அருகே அமர்ந்து, வண்டியைச் சாலைக்கு எடுக்குமாறு பணித்தார். பெருமிதம் என் தலைக்கு ஏறியிருந்தது. என் திறமையை அவர் காண வேண்டும் என்னும் விருப்பத்தால், சாலையோரத்திலிருந்து வண்டியை விரைந்து எடுத்தேன். மறுகணமே ஆய்வாளர், "நிறுத்துங்கள்" என்றார். நிறுத்தினேன். பின்னால் சைக்கிளில் வந்த முதியவர் ஒருவர், தடுமாறிக் காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். அவரை நான் காணவில்லை. கண்ணாடியை நோக்கவும் இல்லை; கையாலோ விளக்காலோ குறிப்புக் காட்டவும் இல்லை.

ஆய்வாளர் சினம் கொள்ளவில்லை. "தம்பி, வண்டி ஓட்ட உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. சாலையில் பிறரும் இருக்கிறார்கள் என்பது இன்னும் தெரியவில்லை. ஏழு நாள் கழித்து வாருங்கள்" என்று கூறி இறங்கிச் சென்றார்.

தலைகுனிந்து வெளியே வந்தேன். தேநீர்க்கடை அருகே நின்ற ஒருவர் என் முகத்தைக் கண்டே நிகழ்ந்ததை அறிந்துகொண்டார். "ஏன் வீணாக அலைகிறீர்கள்? இதற்கெல்லாம் வேறு வழி இருக்கிறது. சிறிது செலவாகும், அவ்வளவுதான்" என்று மெல்லிய குரலில் கூறினார். நான் மறுமொழி கூறாமல் அண்ணாச்சியின் முகத்தை நோக்கினேன். உண்மையைக் கூறின், அவர் 'சரி' என்று கூறமாட்டாரா என்னும் ஆசை அக்கணம் என் உள்ளத்தில் இருந்தது.

அண்ணாச்சி அம்மனிதரைப் பார்த்து, "உரிமத்தை வாங்கித் தருவீர்கள். அந்தச் சைக்கிள்காரரைப் பார்க்கும் கண்ணை எந்தக் கடையில் வாங்கித் தருவீர்கள்?" என்று கேட்டார். அவர் விடை கூறாமல் அப்பால் சென்றார். நாங்கள் ஊர் திரும்பினோம்.

தேர்வில் தவறியவர் ஏழு நாட்கள் கழித்து மீண்டும் வரலாம். மும்முறை தவறினால் அறுபது நாட்கள் காத்திருத்தல் வேண்டும் என்பது சட்டம். அந்த ஏழு நாட்களும் அண்ணாச்சி என்னைப் புதிய வித்தை எதுவும் பழக்கவில்லை. கடைத்தெருவிலும், பள்ளி விடும் நேரத்தில் பள்ளியின் அருகிலும் வண்டியை மெல்ல ஓட்டச் செய்தார். கண்ணில் படுவனவற்றை எல்லாம் வாய்விட்டுச் சொல்லுமாறு பணித்தார். "இடப்புறம் தள்ளுவண்டி. அதன் பின்னால் ஒரு நாய். எதிரே பேருந்து, அது நின்றால் அதன் முன்னாலிருந்து ஆள் கடக்கலாம். பின்னால் ஸ்கூட்டர்" என்று நான் ஓயாமல் கூறிக்கொண்டே ஓட்டினேன். எட்டாம் நாள் தேர்வில் தேறினேன்.

அதன்பின் ஓராண்டு சென்றது. ஒரு மாலை, அண்டைச் சிற்றூர் ஒன்றின் வழியாகத் தனியே வந்துகொண்டிருந்தேன். சாலை அகன்றது, எதிரே வண்டி இல்லை. என் கால் விரைவைத் தேடியது. ஆனால் ஊரின் முதல் வீட்டைக் கண்டவுடன், பழக்கத்தின் காரணமாக விரைவை முப்பது கிலோமீட்டர் அளவுக்குக் குறைத்தேன். சிறு பாலம் ஒன்றைக் கடந்த அளவில், வேலியின் மறைவிலிருந்து ஆட்டுக்குட்டி ஒன்று சாலையில் பாய்ந்தது. அதனைத் துரத்திக்கொண்டு ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி ஓடி வந்தாள். பிரேக்கை அழுத்தினேன். வண்டி நின்றது. அவள் வண்டியை நோக்கினாள். நான் அவளை நோக்கினேன். எங்களுக்கு இடையே இருந்த இடம் ஒரு கட்டிலின் நீளமே. அவள் குட்டியைத் தூக்கிக்கொண்டு, ஒன்றும் நிகழாதது போல் வீட்டிற்குள் ஓடிவிட்டாள். எனக்கோ நெடுநேரம் கைந்நடுக்கம் தீரவில்லை.

மறுநாள் அண்ணாச்சியை அழைத்துச் சென்று அவ்விடத்தைக் காட்டினேன். நான் அவளைக் கண்ட இடத்திலிருந்து அவள் நின்ற இடம்வரை அவர் அடியிட்டு அளந்தார். ஏறத்தாழ 15 மீட்டர் இருந்தது. பின்னர் நான் வீட்டில் அமர்ந்து கணக்கிட்டேன். மாணவர்களே, நீங்களும் என்னுடன் கணக்கிடுங்கள்.

மணிக்கு 30 கிலோமீட்டர் விரைவில் செல்லும் வண்டி, ஒரு நொடியில் 8 மீட்டருக்குச் சற்று மேல் செல்லுகிறது. கண் கண்டதை மனம் உணர்ந்து, கால் பிரேக்குக்குச் செல்ல ஒரு நொடி ஆகும் என்று கொள்வோம். அந்நொடியில் வண்டி 8 மீட்டர் முன்னேறிவிடும். நல்ல டயரும் உலர்ந்த தார்ச்சாலையும் இருப்பின், பிரேக்குப் பற்றிய பின் 5 மீட்டரில் வண்டி நிற்கும். ஆக 13 மீட்டர். சிறுமி நின்றது 15 மீட்டரில்.

விரைவு 60 கிலோமீட்டராக இருந்திருப்பின்? ஒரு நொடியில் வண்டி ஏறத்தாழ 17 மீட்டர் சென்றிருக்கும். பிரேக்குப் பற்றிய பின் நிற்பதற்கு மேலும் 20 மீட்டர் வேண்டும். விரைவு இரு மடங்கானால், பிரேக்கிட்ட பின் ஓடும் தொலைவு நான்கு மடங்காகிறது என்பது இயற்பியல் விதி. மொத்தம் 37 மீட்டர். அத்தொலைவைக் கூட விட்டுவிடுங்கள். சிறுமி நின்றது 15 மீட்டரில் அன்றோ? என் கால் பிரேக்கைத் தொடுவதற்கு முன்னரே வண்டி அவளைச் சென்றடைந்திருக்கும். என் பிரேக்கு எவ்வளவு சிறந்ததாயினும், என் கைத்திறம் எவ்வளவு பெரிதாயினும், அவை பயன்படுவதற்கு வாய்ப்பே இருந்திராது. அவளைக் காத்தது நான் பிரேக்கை மிதித்த கணம் அன்று. அதற்கு முன்னர், எவரும் கண்ணில் படாதபோதே விரைவைக் குறைத்த கணம்.

இக்கணக்கை முடித்த இரவில்தான், 'ஓட்டுவதற்கு இரண்டு நாள் போதும்' என்று அண்ணாச்சி கூறியதன் பொருள் எனக்கு விளங்கியது.

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 4,61,312 சாலை விபத்துக்கள் நேர்ந்தன. 1,68,491 பேர் உயிர் இழந்தனர். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 460 பேர் என்னும் கணக்காகிறது. அவர்களுள் பத்தில் ஏழு பேர்க்கு மேல், மிகு விரைவால் நேர்ந்த விபத்துக்களில் மாண்டவர்கள். உலகெங்கும் 5 வயது முதல் 29 வயது வரை உள்ளோரின் சாவுக்கு முதற்காரணம் சாலை விபத்தே என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. அந்த வயதினர் யார்? மாணவர்களே, நீங்கள்தாம்.

உங்களுள் சிலர், "எனக்குத்தான் நன்றாக ஓட்டத் தெரியுமே, தந்தையின் வண்டியைக் கடைவரை எடுத்துச் சென்றால் என்ன?" என்று எண்ணக்கூடும். பதினெட்டு வயது நிரம்பியவரே மோட்டார் வண்டி ஓட்டலாம் என்பது சட்டம். 50 சி.சி.க்கு மேற்படாத சிறு மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் பதினாறு வயது போதும். அதற்கும் உரிமம் வேண்டும். உரிய வயது வராத சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால், 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி, பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் அடைய நேரும். அச்சிறுவர் இருபத்தைந்து வயது நிரம்பும்வரை உரிமம் பெறவும் இயலாது. மகனுடைய சிறு விருப்பத்திற்காகத் தந்தை சிறை செல்லுதல் தகுமோ? தண்டனைக்கு அஞ்சி விலகுதல் நன்று. வேலியின் மறைவில் நிற்கும் சிறுமியை எண்ணி விலகுதல் அதனினும் நன்று.

வயது வரும்வரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்றும் இல்லையோ எனின், உண்டு. சைக்கிளில் செல்லும்போதே சாலை விதிகளைக் கடைப்பிடிக்கலாம். பேருந்தில் சன்னலோரம் அமரும்போது குறியீடுகளைக் கண்டு அவற்றின் பொருளை எண்ணலாம். இரு சக்கர வண்டியில் பின்னால் அமரும்போது தலைக்கவசம் அணியலாம். விபத்தில் விழுந்து கிடப்பவரைக் கண்டால் உதவிக்குப் பிறரை அழைக்கலாம். நல்லெண்ணத்துடன் உதவுவோர் வழக்கில் சிக்காதவாறு 2019ஆம் ஆண்டின் திருத்தம் அவர்களுக்குப் பாதுகாப்பு அளித்துள்ளது.

அண்ணாச்சி இன்று இல்லை. ஆயினும் எந்த ஊரின் முதல் வீட்டைக் கண்டாலும் என் கால் தானாகவே விரைவைக் குறைக்கிறது. மோர்ச் செம்பு அருகே இருப்பது போலவே தோன்றுகிறது. உரிமத்தை அரசினர் ஒரு முறை தேர்வு வைத்து அளிக்கின்றனர். அதற்குரிய தகுதியையோ, நாம் வண்டியில் ஏறும் ஒவ்வொரு நாளும் சாலை நம்மிடம் தேர்வு வைத்துக் கேட்கிறது. அத்தேர்வில் தவறினால், ஏழு நாள் கழித்து வருமாறு கூற அங்கே எவரும் இல்லை.

பயிற்சி

1. பெர்த்தா பென்ஸ் அம்மையாரின் பயணத்தில் நேர்ந்த இடர்களையும், அவற்றை அவர் நீக்கிய வகையையும் எழுதுக.
2. சாலைக் குறியீடுகளின் வடிவங்கள் வேறுபடுவதற்கு அண்ணாச்சி கூறிய காரணம் யாது?
3. ஆசிரியர் முதல் தேர்வில் தவறியது ஏன்? அதன்பின் பெற்ற பயிற்சி அக்குறையை எவ்வாறு நீக்கியது?
4. மணிக்கு 45 கிலோமீட்டர் விரைவில் செல்லும் ஓட்டுநர், கண்டதை உணர்ந்து பிரேக்கைத் தொட ஒரு நொடி ஆகுமெனின், அந்நொடியில் வண்டி எத்தனை மீட்டர் செல்லும் எனக் கணக்கிடுக.
5. 'திடீரென மிதிப்பது கால் செய்த பிழை அன்று. முன்னரே காணாத கண் செய்த பிழை' என்னும் கருத்தை உங்கள் வாழ்க்கையில் கண்ட நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டு விளக்குக.